1147 – கரையில்

சண்முகப்ரியாவுக்கு ஒழுங்கில்லாத எழுத்தைக் கண்டால் ஆகாது. கல்யாணப் பத்திரிகை ஒன்று கைக்கு வந்தால், மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்ப்பதற்கு முன்பே, மேலே தேதியை ஒரு விதமாகவும் கீழே வேறு விதமாகவும் போட்டிருப்பதைக் கண்டுபிடித்து உதட்டைப் பிதுக்குவாள். பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளில் இருக்கும் கைபேசி எண்களை எண்ணிப் பார்ப்பாள். எங்காவது ஒன்பது இலக்கம்தான் இருந்தால், வீடு வந்து சேரும்வரை முன்பின் தெரியாத அந்தக் கடைக்காரருக்காகக் கவலைப்படுவாள். "அலமாரியில துணி எப்படிக் கெடக்குன்னு பாரு, ஊரான் போர்டைத் திருத்தக் கெளம்பிட்டா" என்று அவள் கணவன் செந்தூர்பாண்டி சிரிப்பான். துறைமுகத்தை ஒட்டிய ஒரு லாரி செட்டில் மேற்பார்வையாளன் அவன். அவன் சொல்வதும் உண்மைதான். அவள் அலமாரியைத் திறந்தால் துணி நம் மேல்தான் விழும்.

பிறந்தது குலசேகரன்பட்டினத்துப் பக்கம் ஒரு பனங்காட்டு ஊர். அப்பா தங்கதுரை பலசரக்குக் கடைக்காரர். கடலுக்கு இரண்டு மைல் தூரத்தில் வளர்ந்தும், தசராவுக்குப் போகும்போது காலை நனைத்துவிட்டு வருவதைத் தவிர அவளுக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கம்ப்யூட்டர் படித்தாள். சென்னையில் நான்கு வருடம், லட்சக்கணக்கான முகவரிகளைத் திருத்திச் சீராக்கும் வேலை பார்த்தாள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த பிறகு கிடைத்தது, கடற்கரையில் ஒரு நாட்டுப்படகுச் சங்கத்தின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலை. "ஏசியில இருந்த பிள்ள, இப்பம் கருவாட்டு வாசத்துல இருக்கா" என்று தங்கதுரை வருத்தப்பட்டார். அவளுக்கு அப்படி ஒன்றும் வருத்தமில்லை. சென்னையில் அவள் திருத்திய முகவரிகளில் யார் குடியிருந்தார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. இங்கே ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் இருந்தது.

சென்னையிலிருந்து அவள் கொண்டுவந்த வித்தை ஒன்று உண்டு. ரீஜெக்ஸ் என்பார்கள். நிரல் எழுதுகிறவர்களுக்குத் தயாராகக் கிடைக்கிற ஒரு கிளாஸ், ஒரு கருவி மாதிரி, அது. சாதாரணமாகக் கம்ப்யூட்டரில் ஒன்றைத் தேட வேண்டுமென்றால் அந்தச் சொல்லை அப்படியே கொடுக்க வேண்டும். ரீஜெக்ஸிடம் அங்க அடையாளம் சொன்னால் போதும். திருவிழாக் கூட்டத்தில் ஓர் ஆளைப் பெயர் தெரியாமலே, ஒல்லியாக இருப்பார், நீலச் சட்டை போட்டிருப்பார் என்று சொல்லித் தேடுகிற மாதிரி. நான்கு இலக்கம் சேர்ந்து வர வேண்டும், முன்னாலும் பின்னாலும் வேறு இலக்கம் ஒட்டியிருக்கக் கூடாது, அதே வரியில் 'கரை' என்றோ 'வந்து' என்றோ ஏதாவது இருக்க வேண்டும் என்று குறியீடுகளால் எழுதிக் கொடுத்தால், பத்தாயிரம் வரிக்குள் ஒளிந்திருந்தாலும் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தும். அதற்கு மேட்ச் என்று பெயர். பிடித்ததை எடுத்துவிட்டு அங்கே வேறொன்றை வை என்றால் வைத்துவிடும். அது ரீப்ளேஸ். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு உலகத்தையே சீராக்கிவிடலாம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. நம் எல்லோருக்கும் ஏதாவது ஒன்றின் மேல் அப்படி ஒரு நினைப்பு இருந்திருக்கும். குற்றம் சொல்ல முடியாது.

சங்கத்தில் அறுபத்து மூன்று படகுகள். பதிவு எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் ஒவ்வொன்றுக்கும் கூப்பிடும் பெயர். காற்று எழும்பிவிட்டால் எந்தப் படகு கரைக்கு வந்தது, எது வரவில்லை என்று கணக்கெடுப்பது செயலாளர் அற்புதமணியின் தலைவலி. ஏனென்றால், அந்த நேரத்தில் படகுகள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. தெற்கே காயல்பட்டினமோ ஆலந்தலையோ, கிடைத்த கரையில் ஏறிக்கொள்வார்கள். அற்புதமணி இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு, மூன்றாவது போன் அடிக்கும்போது யாரை வைவது என்று தெரியாமல் பேனாவை வைவார். இதைப் பார்த்துத்தான் சண்முகப்ரியாவுக்குக் கை அரித்தது.

சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. படகுக்காரர்கள், அவர்களுடைய பெண்டாட்டிமார், அண்ணன் தம்பிமார் எல்லோரும் அதில் உண்டு. யாரும் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவதில்லை. மைக்கை அமுக்கிப் பேசுவார்கள், போன் அதை எழுத்தாக்கிக்கொள்ளும். அந்தச் செய்திகளையெல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அள்ளி எடுத்துப் படகு எண்ணையும் வந்து சேர்ந்த சேதியையும் பொறுக்குகிற மாதிரி அவள் ஒரு நிரல் எழுதினாள். எல்லோரும் போனில் பார்க்கும்படி ஒரு பக்கம். அதில் அறுபத்து மூன்று வரி. '1147 – கடலில்' என்பது போல. வந்த சேதி கிடைத்ததும் ரீப்ளேஸ் அந்த வரியில் 'கடலில்' என்பதை எடுத்துவிட்டுக் 'கரையில்' என்று வைக்கும். அந்தப் பக்கத்துக்குப் 'பலகை' என்று ஊரே பெயர் வைத்துவிட்டது.

சோதிக்காமல் ஒன்றையும் வெளியே விடுகிறவள் அல்ல அவள். மாசியிலும் பங்குனியிலும் குழுவில் வந்த செய்திகளை முழுக்க ஓட்டிப் பார்த்தாள். போன் நம்பரின் நடுவிலிருந்து நான்கு இலக்கத்தைப் பிடித்தது, அடைத்தாள். '1147 வந்துட்டா?' என்று கேட்டால் வந்ததாக எடுத்துக்கொண்டது, அதையும் அடைத்தாள். 'இன்னும் வரல' என்பதில் ஏமாந்தது, அதற்கும் வழி செய்தாள். கடைசியில் இரண்டு மாதச் செய்தியில் ஒரு பிழைகூட இல்லை. சித்திரையிலிருந்து பலகை ஓடியது. நடுவில் பெரிய காற்று எதிலும் படகுகள் சிக்கவில்லை. எச்சரிக்கை முன்பே வந்ததால் கரையிலேயே நின்றன.

1147 ஜேசுபாதத்தின் படகு. அவர் மனைவி கிருபை. குழுவில் ஒரு நாளைக்கு அறுபது செய்தி வந்தால் அதில் இருபது கிருபையுடையதாக இருக்கும். காலையில் மாதா படம், மல்லிகைப்பூ, மெழுகுவர்த்தி. அப்புறம், '1147 கிளம்பிட்டாவ'. அப்புறம், '1147 தூக்குவாளிய மறந்து வச்சிட்டுப் போய்ட்டாவ, யாராவது பாத்தா சொல்லுங்க'. நடுக்கடலில் போகிற ஆளிடம் தூக்குவாளியைப் பற்றி யார் போய்ச் சொல்வது? பூவையும் மெழுகுவர்த்தியையும் துடைத்துப் போடுவதற்கென்றே சண்முகப்ரியாவின் நிரலில் ஒரு வரி இருந்தது. அது கிருபை ஒருத்திக்காக எழுதியது. அதைச் சொல்லி அற்புதமணியிடம் சிரித்துமிருக்கிறாள்.

ஆனால் கிருபை நேரில் வந்தால் அவளால் கோபமாக இருக்க முடியாது. அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் கிருபை கையில் ஒரு சின்னச் சட்டியோடு வருவாள். "ஏளா பிரியா, இன்னைக்குச் செவ்வா இல்லல்லா? தின்னுவதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் மீன் குழம்பை மேசையில் வைப்பாள். செவ்வாயும் வெள்ளியும் சண்முகப்ரியா மீன் தொடமாட்டாள் என்பதை ஒரே ஒரு தடவை கேட்டு மனசில் போட்டுக்கொண்டவள். செந்தூர்பாண்டிக்கு இன்றைக்கும் அது ஞாபகம் இருப்பதில்லை.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை. முந்தின நாள் மதியம் படகுகள் போயிருந்தன. அறுபத்து மூன்றும். சாயங்காலம்தான் எச்சரிக்கை வந்தது. விடிந்தபோது வாடைக்காற்று கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து குழுவில் படகு எண்ணோடு செய்திகள் கொட்டின. 'காயல்ல ஏறிட்டோம்', 'நம்ம கரைக்கு வந்தாச்சு', 'ரெண்டு படகும் ஒண்ணா வந்துட்டோம்'. பலகையில் வரிகள் ஒவ்வொன்றாக மாறின. பன்னிரண்டு மணிக்கு ஐம்பத்தொன்று. ஒரு மணிக்கு அறுபத்திரண்டு. ஒன்று இருபதுக்கு, கடைசியாக நின்ற 1147-ம் 'கரையில்' ஆனது.

தேடிப் போவதற்கென்று, திரும்பி வந்தவற்றில் பெரிய இஞ்சின் வைத்த இரண்டு படகுகளை அற்புதமணி தயாராக நிறுத்தி வைத்திருந்தார். "எல்லாம் வந்தாச்சு, நீங்க வீட்டுக்குப் போங்கலே" என்று போனில் சொல்லிவிட்டு நாற்காலியில் சரிந்தார். "நீ நல்லா இருப்ப பிள்ள. போன தடவ இந்தக் கணக்குக்கு ராத்திரி எட்டு மணி ஆச்சு" என்றார். சண்முகப்ரியாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. டீ வாங்கிவரச் சொல்லி, தான் ஒரு வடையும் சேர்த்துத் தின்றாள்.

இரண்டரை மணிக்குக் கிருபை வந்தாள். நனைந்து, தலை கலைந்து, முகமெல்லாம் சிரிப்பாக. கையில் ஒரு பை. அதில் காய்ந்த சட்டை, சாரம், துண்டு, ஒரு பிளாஸ்க்.

"ஏளா, உன் பலகையப் பாத்த பெறவுதான் எனக்கு மூச்சே வந்துது. நம்ம கரையில தேடிப் பாத்தேன், காணும். தெக்க எங்கயோதான் ஏறியிருக்காவ. எந்த ஊர்னு மட்டும் பாத்துச் சொல்லு. பஸ்ஸ பிடிச்சுப் போயிருதேன். அந்த மனுசன் ஈரத்தோட நின்னா நாளைக்கு இருமிக்கிட்டே கெடப்பாவ."

"உக்காருங்கக்கா, ஒரு நிமிஷம்" என்று சண்முகப்ரியா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். எந்தச் செய்தியைப் பார்த்து வரி மாறியது என்பதை நிரல் குறித்து வைத்திருக்கும். 1147-ஐத் தேடி எடுத்தாள்.

'1147 கரை பிடிச்சிருப்பாவ மாதாவே.' நேரம், ஒன்று பதினான்கு. அனுப்பியது கிருபை.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். நான்கு இலக்கம் இருக்கிறது. கரை இருக்கிறது. கேள்வி இல்லை. 'வரல' இல்லை. நிரல் அவள் சொன்ன அங்க அடையாளத்தின்படி சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

"அக்கா, ஒன்னேகாலுக்கு குரூப்ல ஒண்ணு போட்டீங்களா?"

"ஆமா, போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்துல பலகையில கரையில்னு வந்துட்டு! என் வாய்க்கு இவ்வளவு பலம் உண்டும்னு எனக்கே தெரியல பாத்துக்க" என்று கிருபை சிரித்தாள்.

"அண்ணன் போன் பண்ணினாங்களா? இல்ல, யாராவது பாத்ததாச் சொன்னாங்களா?"

"இல்லையே."

"பின்ன ஏன்க்கா அப்படிப் போட்டீங்க?"

கிருபைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "காத்து அடிக்கும்போது வேற எப்படிளா சொல்லுவாவ?" என்றாள்.

சண்முகப்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் சோதித்துப் பார்த்தது மாசி, பங்குனிச் செய்திகளை. கடல் சாதுவாகக் கிடக்கும் காலம். அப்போது பெண்டுகள் 'இன்னும் வரல, சோறு ஆறிப்போச்சு' என்று தாராளமாக எழுதுவார்கள். காற்று நாளில் இந்தக் கரையில் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. ஆள் கடலில் நிற்கும்போது வரவில்லை என்று சொன்னால் அது பலித்துவிடும் என்று ஒரு பயம். வந்திருப்பார்கள், ஏறியிருப்பார்கள், கரை பிடித்திருப்பார்கள் என்றுதான் சொல்வார்கள். கவலை கூடக் கூட அடித்துச் சொல்வார்கள். அற்புதமணிக்கு இது தெரியும். ஆனால் தெரியும் என்பதுகூட அவருக்குத் தெரியாத அளவுக்கு அது அவருக்குப் பழக்கம். பனங்காட்டில் பிறந்த பிள்ளையிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அக்கா" என்றாள். கிருபையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கரையில்ங்கிறது வேற யாரும் சொன்னதில்லக்கா. நீங்க போட்டத எடுத்துத்தான் அது மாத்தியிருக்கு. அண்ணன்கிட்ட இருந்து ஒரு சேதியும் இல்ல."

கிருபையின் சிரிப்பு உடனே போகவில்லை. அது போக வழி தெரியாமல் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவள் பையை மடியில் எடுத்து வைத்து இறுக்கிக்கொண்டாள்.

அற்புதமணி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. சண்முகப்ரியாவை அவர் பார்க்கவில்லை. மற்ற அறுபத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். இன்னும் இரண்டு வரிகள் பெண்டாட்டிமார் சொன்னதை வைத்து மாறியிருந்தன. அவர்களைப் போனில் பிடித்தார்கள். ஆட்கள் வீட்டில்தான் இருந்தார்கள், ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். 1147 மட்டும்தான். அதில் நான்கு பேர். போனிலும் வயர்லெஸ்ஸிலும் கூப்பிட்டுப் பார்த்தார்கள், யாரும் கிடைக்கவில்லை.

அவர் ஆலந்தலையில் தனக்குத் தெரிந்த படகுக்காரர் ஒருவருக்குப் போன் போட்டார். மறுமுனையில் சத்தமாகவே கேட்டது. "அண்ணாச்சி, எறங்குததுக்கு நாங்க ரெடி. ஆனா இந்தக் காத்துல அஞ்சு பேர எறக்கணும். அவன் எங்கயாவது கரையில உக்காந்து பீடி குடிச்சிக்கிட்டு இருந்தாம்னா? வந்தானா வரலையான்னு நிச்சயமாச் சொல்லுங்க. சொன்னா இப்பமே எறங்குதோம்."

அற்புதமணி வாயைத் திறந்தார், மூடினார். போனைக் கிருபையின் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஏளா கிருபை, நீ சொல்லு. வீட்டுக்காரி சொன்னாத்தான் சரி."

கிருபை போனைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஒரு சொல்தான் வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் படகு இறங்கும். ஆனால் இருபத்தேழு வருடம் ஒரு காற்று நாளிலும் அவள் சொல்லாத சொல் அது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. சொல் வரவில்லை. அற்புதமணி இன்னொரு பக்கம் திரும்பிக்கொண்டார். அவராலும் முடியாது.

சண்முகப்ரியா போனைப் பிடுங்கினாள். அவள் ஊரில் இந்தப் பயம் கிடையாதுதான். ஆனால் அந்த இரண்டு முகங்களையும் பார்த்த பிறகு அவளுக்கும் அந்தச் சொல் நாக்கில் கனத்தது.

"வரல" என்றாள். "1147 வரல. பலகையில போட்டது தப்பு, நான் செஞ்ச தப்பு. அவங்க வரல அண்ணாச்சி. போங்க."

அற்புதமணி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கிருபை கண்ணை மூடிக்கொண்டாள்.

போனை வைத்ததும் சண்முகப்ரியா முதல் காரியமாகப் பலகையில் 1147-ஐக் 'கடலில்' என்று மாற்றினாள். அப்புறம் நிரலைத் திறந்தாள். எங்கே தேடுவது என்று சொல்ல வேண்டுமே. காலையிலிருந்து குழுவில் அறுநூறு செய்திக்கு மேல். அதில் 1147 என்று எங்கே, யார் சொல்லியிருந்தாலும் கொண்டுவா என்று ஒரு அங்க அடையாளம் எழுதினாள். முன்னால் மூன்று வரி, பின்னால் மூன்று வரியும் சேர்த்து. எதையும் மாற்றச் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டு வந்து காட்டினால் போதும். முப்பத்தெட்டு இடத்தில் பிடித்தது. முப்பத்தெட்டையும் தன் கண்ணால், விரல் வைத்துப் படித்தாள். பாதிக்கு மேல் கிருபையுடையது. அவள் அந்த நாள் காலையிலிருந்து எத்தனை விதமாக, எத்தனை தடவை அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறாள் என்பதை அப்போதுதான் பார்த்தாள். முன்பு அதையெல்லாம் தொந்தரவு என்று நினைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது.

இருபத்தொன்பதாவது செய்தி வேறொரு படகுக்காரருடையது. '1147 இஞ்சின் மூடிய தெறந்து வச்சிருந்தாவ பதினெட்டு பாகம் தெக்க கையாட்டுனோம் அவியளும் ஆட்டுனாவ.' ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், ஆழத்தை அதில்தான் சொல்வார்கள். அந்தப் படகுக்காரர்கள் ஏதோ சின்னப் பழுது என்று நினைத்துக் கடந்து வந்துவிட்டார்கள். கேட்டபோது, பத்து மணிக்குப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதற்கு அப்புறம் 1147-ஐப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

அற்புதமணி அதை ஆலந்தலைக்குச் சொன்னார். "இஞ்சின் நின்னிருந்தா, இந்த வாடையில எங்க ஊருக்கு நேரேதான் தள்ளிக்கிட்டு வந்திருக்கும். பாக்கேன் அண்ணாச்சி" என்று போன் வைக்கப்பட்டது. வீட்டுக்குப் போகச் சொன்ன இரண்டு படகுகளும் இங்கிருந்து கிளம்பின. மணி மூன்று. பலகை மாறியதிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம். அந்தக் காற்றில் ஒன்றே முக்கால் மணி நேரம் என்றால் என்ன என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது, சண்முகப்ரியா உட்பட.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. சண்முகப்ரியா மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். தன்னை அடிக்க வேண்டும், வைய வேண்டும், யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. அற்புதமணி வெளியே போய் நின்றுகொண்டார். கிருபைதான் எழுந்து வந்து, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் சொன்னத நீ நம்பிட்ட. அதுக்கு நான் உன்னிய என்ன சொல்ல?" என்றாள். பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே, "உன் மிஷினுக்கும் நம்மள மாதிரித்தான் போலருக்கு, நல்லது சொன்னா பிடிச்சுப்போவுது" என்றாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள். பிளாஸ்கில் இருந்த காப்பியை ஊற்றி, "குடி, அவியளுக்கு வேற போட்டுக்கலாம்" என்று இவளிடம் கொடுத்தாள். சண்முகப்ரியா குடித்தாள். அத்தனை இனிப்பு. ஜேசுபாதத்துக்கு இனிப்பு அப்படி வேண்டும் போல.

ஐந்தே முக்காலுக்கு ஆலந்தலைப் படகிலிருந்து வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. பார்த்துவிட்டார்கள். நங்கூரம் அறுந்து, வலையைக் கடலில் விட்டு அதன் கனத்தில் படகைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். நான்கு தலையும் இருக்கிறது. கயிறு கட்டி மெதுவாக இழுத்து வருகிறார்கள், காற்று தணிகிறவரை ஆழத்திலேயே நின்றுவிட்டு, விடியும்போது ஆலந்தலைக்கு வந்துவிடுவார்கள்.

அற்புதமணி ஓவென்று கத்தினார். சண்முகப்ரியாவின் கை தானாகக் கம்ப்யூட்டர் பக்கம் போனது. "பலகையில போட்டுரட்டுமாக்கா?"

"வேண்டாம்ளா" என்றாள் கிருபை. அவள் இன்னும் சிரிக்கவில்லை. "மண்ண மிதிக்கட்டும்."

வீட்டுக்கு வந்து சண்முகப்ரியா நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'பிடிச்சிருப்பாவ' என்பதை விலக்கவேண்டிய சொற்களில் சேர்த்தாள். 'ஏறியிருப்பாவ' என்பதையும் சேர்த்தாள். 'வந்திருக்கும்' என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. நாளைக்கு இன்னொருத்தி வேறு விதமாகச் சொல்வாள். அழாமல் இருப்பதற்காக ஒரு பொம்பளை எத்தனை விதமாகப் பேசுவாள் என்பதற்கு அங்க அடையாளம் எழுத அவளுக்குத் தெரியவில்லை. ரீப்ளேஸ் இருந்த வரியை மொத்தமாக அழித்தாள். இனிமேல் நிரல் பிடித்துக் கொடுக்கட்டும், போன் போட்டு, படகிலிருந்து வந்த ஆளின் குரலைக் கேட்டுவிட்டுக் கையால் மாற்றிக்கொள்ளலாம். செந்தூர்பாண்டி எட்டிப் பார்த்தான், கேலி எதுவும் செய்யாமல் தோசை வார்க்கப் போனான்.

விடியற்காலையில் அவனே லோடு ஆட்டோ ஒன்று பிடித்துக்கொண்டு வந்தான். கிருபை, மற்ற மூன்று பேர் வீட்டுப் பெண்கள், அற்புதமணி, சண்முகப்ரியா எல்லோரும் ஆலந்தலைக்குப் போனார்கள். கிருபையின் மடியில் அதே பை.

காற்று தணிந்திருந்தது. ஏழு மணிக்கு மேல் இரண்டு படகுகள், ஒன்றன் பின் ஒன்றாக, கயிற்றில் வந்தன. பின்னால் வந்த படகில் நான்கு பேர் நின்றார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஜேசுபாதம் குதித்தார். தள்ளாடி விழப்போனவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உதடு வெடித்து, கண் சிவந்து, ஆள் பாதியாகியிருந்தார். மணலில் காலை வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கிருபை ஓடவில்லை. நடந்து போய், பையிலிருந்து துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். கொஞ்சம் வேகமாகவே துவட்டினாள். "இஞ்சின் சத்தம் சரியில்லன்னு ஞாயித்துக்கெழமயே சொன்னேன்லா? சொன்னனா இல்லையா?" அவர் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். சட்டையை மாட்டிவிட்டாள். ஒரு பித்தானைப் போட முடியாமல் விட்டுவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சண்முகப்ரியா தூரத்தில், ஆட்டோவை ஒட்டி நின்றாள். பக்கத்தில் போக அவளுக்குத் துணிவில்லை.

கிருபை நிமிர்ந்து முகத்தைத் துடைத்தாள். சுற்றும் முற்றும் தேடினாள். "ஏளா பிரியா! அங்கன என்ன செய்த? இங்க வா."

அவள் போனாள். ஈர மணலில் செருப்பு புதைந்தது.

"நேத்து ஒரு வார்த்த சொன்னியே, எனக்காக" என்றாள் கிருபை. "அது உன் வாயிலயே கெடக்கக் கூடாது. அந்த வாயாலதான் இதையும் சொல்லணும். சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

சண்முகப்ரியா ஜேசுபாதத்தைப் பார்த்தாள். அவர் எதுவும் புரியாமல், பித்தான் போடாத சட்டையோடு, அவளைப் பார்த்துச் சிரித்தார். கடற்கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"1147 வந்தாச்சு" என்றாள். முதல் தடவை அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தமா."

"வந்தாச்சு!" என்று கத்தினாள் சண்முகப்ரியா. "1147 வந்தாச்சு!"